கணக்கப்பிள்ளை போன தூரம்



முன்பு ஆங்கிலத்தில் 'கொனிகோபொலி' என்றொரு சொல் வழங்கியது. இன்று ஆங்கிலம் பேசுவோர் எவரும் அதைச் சொல்வதில்லை. காதில் விழும்போது கிரேக்கச் சொல் போல இருக்கும். உண்மையில் அது நம்முடைய கணக்கப்பிள்ளைதான். ஹென்றி யூலும் ஆர்தர் பேர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி, கணக்கு, பிள்ளை என்ற இரு தமிழ்ச் சொற்களில் இருந்து அது பிறந்ததென்று விளக்குகிறது.

சொல் ஐரோப்பியர் கைக்குப் போனது அதற்கும் வெகு முன்னர். முத்துக்குளித்துறையில் சமயப் பணி செய்த பிரான்சிஸ் சவேரியார், 1544இல் எழுதிய கடிதங்களிலேயே கணக்கப்பிள்ளையைக் குறிப்பிடுகிறார். அங்கே கணக்கப்பிள்ளை ஊர்ப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர். பின்னர் சென்னையில் ஆங்கிலக் கும்பினியாருக்கு அவர் கணக்கெழுதுபவர் ஆனார். அந்த வேலையோடுதான் ஆங்கிலத்தில் அவர் பெயர் நிலைத்தது.

இலங்கையில் அதே பெயர் மலையேறியது. கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைக்கும் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஏட்டோடு மலைக்குப் போய் வேலையை மேற்பார்க்கிறவர். அன்றைய வேலையைப் பதிவதற்குத் தோட்டத்தில் 'பேர் போடுதல்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், கூலியும் பாதிதான். ஒரு தாயின் நாள் முழுவதையும் பாதியாக்கும் வலிமை கணக்கப்பிள்ளையின் பேனாவுக்கு இருந்தது. 'கணக்கெழுதுபவர்' என்று அகராதி தரும் பொருளில் இந்த வலி இல்லை.

ஒரு சொல்லின் வேரை அறிஞர்கள் தேடித் தந்துவிடலாம். அது மனிதர் வாழ்வில் என்ன செய்தது என்பதை, அதன் கீழ் வாழ்ந்தவர்களே சொல்ல வேண்டும். மலையிலிருந்து கொழும்பு வட்டாரத்துக் கொலன்னாவை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களில், அரைப்பேர் வாங்கிய அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். பேர், பிரட்டு, கங்காணி, கணக்கப்பிள்ளை என்று அவர்கள் பேசும் சொற்களை, பேரப்பிள்ளைகளே, கேட்டு, அவர்கள் சொன்ன பொருளோடு எழுதி வையுங்கள். அந்த அகராதியை நாம்தான் எழுத வேண்டும்.