அச்சத்தை விதைப்போரும் அவர்தம் நோக்கங்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்க மேடையில் பயங்கரவாதத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் நம்மை வினவினார்: “ஐயா, குண்டு வைத்தால் பயங்கரவாதம் என்கிறார்கள்; நம் குடிசைக்குத் தீ வைத்தால் கலவரம் என்கிறார்கள். இரண்டிலும் மாள்பவர் மனிதர்தாமே?” அவ்வினாவே இவ்வுரைக்குக் காரணம்.

சிலரைக் கொன்று பலரை அஞ்சச் செய்து, அவ்வச்சத்தால் தம் எண்ணத்தை முடித்துக்கொள்ள முயல்வதே பயங்கரவாதம். செயல் ஒன்றாயினும் நோக்கங்கள் பல.

முதலாவது, தனிநாடு வேண்டி எழுவது. இலங்கைத் தமிழர் பட்ட துன்பம் மெய். ஆயினும், நீங்கள் நாள்தோறும் நடக்கும் பாண்டி பஜாரில் 1982 மே 19 அன்று பிரபாகரனும் உமா மகேசுவரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள முற்பட்டனர். இருவரும் ஒரே விடுதலையைப் பேசியவர்கள்! 1984 ஆகஸ்டு 2 அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்த குண்டு, வழிப்பயணிகள் உள்ளிட்ட 30 பேருக்கு மேல் பலிகொண்டது. 1990-இல் கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டனர். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். எனினும், அங்குத் தடா சட்டம் கூறும் பயங்கரவாதக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் கூறி, கொலைக் குற்றத்திற்கே தண்டனையை உறுதி செய்தது. மக்கள் வழக்கும் சட்டத்தின் சொல்லும் ஒன்றல்ல என்பதை இதனால் அறியலாம்.

இரண்டாவது, மதத்தின் பெயரால் நிகழ்வது. 1993 ஆகஸ்டு 8 அன்று சேத்துப்பட்டு ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் 11 பேர் மாண்டனர். கோவையில் 1997 நவம்பரில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். தொடர்ந்த வன்முறையில் 18 முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் போயின. பழிக்குப் பழி என்னும் கணக்கில் கழித்தல் உண்டு, முடிவில்லை.

மூன்றாவது, சாதியின் ஆதிக்கம் காக்க நிகழ்வது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காகக் கீழவெண்மணியில் நம் மக்கள் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் வெட்டுண்டது, இனி எவரும் அந்நாற்காலியில் அமர அஞ்ச வேண்டும் என்பதற்காகவே. மாணவரே, உம் ஐயம் சரியானது, இவையும் பயங்கரவாதமே.

நான்காவது, வர்க்கப் பகை அழிப்பு. வெண்மணி வழக்கில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட கோபாலகிருட்டிண நாயுடு 1980-இல் கொலையுண்டார். சிறு வயதில் அதைக் கேட்டபோது நாமும் உள்ளூர மகிழ்ந்தோம், மறைக்கவில்லை. ஆசிரியரான பின்னரே சிந்தித்தோம். அக்கொலையால் நீதிமன்றத் தீர்ப்பு திருந்தவில்லை. 44 பேருக்கு நீதி எழுதப்படவுமில்லை. வாளெடுக்கும் இளைஞன் சிறை புகுந்தால், அவன் தாய் வாயிலில் நிற்பாள். எங்கே ஓசை கேட்டாலும் காவலர் முதலில் நுழைவது நம் தெருவில்தான்.

காரணத்தை அறிவது வேறு. செயலை ஏற்பது வேறு. அநீதியைக் களையாமல் துப்பாக்கியால் மட்டும் பயங்கரவாதத்தை ஒழிக்க இயலாது என்பதை அரசும் உணர்தல் வேண்டும்.

1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், குருதி சிந்தும் வழியைக் கைவிடுமாறு வேண்டினார். அவர் கோழையல்லர், அடிபட்டவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் பிறந்தது. அதைப் படிக்கவும், புகார் எழுதவும், சாட்சியைக் காக்கவும், வழக்கை இறுதிவரை நடத்தவும் நம்மவர் வேண்டும். இச்சங்கம் கல்வி உதவி தருவது அதற்காகவே.

ஆண்டுக்கு ஒருவரேனும் இங்கிருந்து சட்டக் கல்லூரிக்குச் செல்லுங்கள். அச்சத்தை விதைப்போர்க்கு அதுவே நம் மறுமொழி.