சுவரில் இருக்கிற வட்டப் பெட்டி



கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நாவற்குடாவில் வீட்டைச் சூடாக்கும் கதை எதற்கென்று கேட்பீர்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பலருக்கு மகனோ மகளோ ரொறன்ரோவில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க விசாவுக்குக் காத்திருக்கிறவர்களும் உண்டு. அங்கே ஸ்காபரோவில் பல குளிர்காலங்கள் வீடுவீடாக வெப்ப உலை திருத்தியவன் நான். சுவரில் இருந்து, அறைச் சூடு பார்த்து உலையை ஏற்றி அணைக்கிற பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஓடுகிற புதுசைப் பூட்டலாமா என்று பிள்ளைகள் இப்போதும் போன் எடுத்துக் கேட்கிறார்கள். தாராளமாகப் பூட்டலாம். ஆனால் அந்தப் பழசைப் பற்றிச் சொல்லாமல் என்னால் அப்பால் போக முடியாது.

ஹனிவெல் நிறுவனம் 1953 இல் விற்பனைக்கு விட்ட வட்டப் பெட்டி அது. வடிவமைத்தவர் ஹென்றி டிரைஃபஸ். மூடியைக் கழற்றினால் உள்ளே சுருளாக ஒரு உலோகப் பட்டி. உண்மையில் அது ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு உலோகம். ஒன்று சூட்டில் நன்றாக நீளும், மற்றது நீளுவதே இல்லை எனலாம். ஆகவே சூடு ஏறினால் சுருள் ஒரு பக்கம் திரும்பும், குளிர்ந்தால் மறுபக்கம் திரும்பும். அதன் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ், அதற்குள் ஒரு துளி பாதரசம். அறை குளிர்ந்ததும் குமிழ் சரியும், பாதரசம் உருண்டு உள்ளே இருக்கிற இரண்டு கம்பியையும் தொடும், கீழே உலை பற்றும். இதற்குப் பற்றரியும் வேண்டாம், கணினியும் வேண்டாம். உங்கள் அயன்பெட்டியில் "டிக்" என்று கேட்கிறதே, அதுவும் இப்படி இரட்டை உலோகப் பட்டியின் வேலைதான். இப்படிப்பட்ட பட்டியின் நீளாத பக்கத்துக்கு உதவுகிற இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவையைக் கண்டறிந்த குய்யோம், 1920 இல் பௌதிகவியல் நோபல் பரிசு பெற்றார். கண்ணுக்குத் தெரியாத நீட்சி ஒன்று ஒரு வீட்டையே காக்கிறது. எத்தனை பெட்டி திறந்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

ஒரு வீட்டில் எங்கள் பக்கத்து அம்மா ஒருவர், "மனே, பெட்டி பழுதாப் போச்சு, குளிர் தாங்கேலாம கிடக்கு" என்றார். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. நேர் கீழே சாமித்தட்டு, அதில் அணையாத விளக்கு. விளக்கின் சூட்டைக் குடித்துவிட்டு, அறை சூடாக இருக்கிறதென்று பெட்டி உலையை நிறுத்திக்கொண்டே இருந்தது. விளக்கை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம், வீடு சூடானது. புதுசு பூட்டினாலும் இதே சட்டம்தான். வெயில் படாத, அடுப்பும் வாசற்கதவும் அண்டாத உள்சுவர் வேண்டும்.

சரி, பற்றரி எதற்கு? பழசு வெறும் சுவிட்ச். புதுசுக்குத் திரை உண்டு, நேரம் பார்த்து வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கிற மூளை உண்டு, அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். பல பழைய வீடுகளில் சுவருக்குள் இரண்டே வயர்தான் வரும். அந்தக் குறையைப் பற்றரி தீர்க்கிறது.

பூட்டும் வேலை சின்னது. முதலில் உலையின் மின்சாரத்தை நிறுத்துங்கள். மூடியைக் கழற்றிப் படம் எடுங்கள். எந்த வயர் எந்த எழுத்துப் போட்ட முனையில் இருந்ததோ, புதுசிலும் அதே எழுத்துள்ள முனையில் பூட்டுங்கள். வயர் சுவருக்குள் நழுவாமல் ரேப்பால் ஒட்டிவையுங்கள். இவை 24 வோல்ற் மெல்லிய வயர்கள். ஆனால் மூடியைத் திறந்ததும் தடித்த வயர் தெரிந்தால் நேயர்களே, கையை எடுங்கள்! அது சுவரடியில் ஓடுகிற மின்சூடேற்றிக்கான 240 வோல்ற். இந்தப் பற்றரிப் பெட்டி அதற்கு ஆகாது. உரிமம் உள்ள மின்னியலாளர்தான் தொடவேண்டும்.

கழற்றிய பழசைக் குப்பையில் போடவேண்டாம். குமிழ் உடைந்தால் வெளியே வரும் பாதரசம் நஞ்சு. நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுங்கள்.

நேரம் முடிகிறது. பற்றரி செத்தால் உலை பற்றாது. வெளியே மைனஸ் 20 இருக்கும்போது வீட்டுக் குழாய்த் தண்ணீரும் உறைந்து குழாய் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் ஒக்ரோபரில் பிள்ளைகளோடு பேசும்போது, "சாப்பிட்டியா" என்று கேட்டு முடித்ததும், "பற்றரி மாத்தினியா" என்றும் கேளுங்கள்.