வானம் எல்லோருக்கும் பொது!
(பெரம்பலூர், அரியலூர் உழைப்பாளி மக்களிடையே ஆற்றிய உரை)



வெள்ளி முளைக்கும் நேரத்தில் எழுந்து களையெடுக்கப் போகிறவர்கள் நாம். ராத்திரி ஷிப்டு முடிந்து நட்சத்திரங்களின் கீழே வீடு திரும்புகிறவர்களும் நாம்தான். ஆனால் அந்த வெள்ளி நட்சத்திரமல்ல, பூமியைப் போல் சூரியனைச் சுற்றும் ஒரு கிரகம் என்று நம் பிள்ளைகளுக்குக் கண்ணாரக் காட்ட ஓர் இடம் வேண்டாமா? பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மக்கள் விண்வெளி விஞ்ஞான நிலையமும், எல்லோரும் வந்து பார்க்கும் வானோக்குக் கூடமும் நம் வட்டாரத்துக்குத் தேவை என்று நாம் சொல்வது இதற்காகத்தான்.

"வயிற்றுக்கே வழியில்லை, வானம் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சரித்திரம் பதில் சொல்கிறது. பருவமழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய பின்புதான், மழைக்கும் சூரியனுக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய வேண்டுமென்ற எண்ணம் வலுத்தது. அதன் விளைவே 1899ல் கொடைக்கானலில் அமைந்த சூரிய ஆராய்ச்சி நிலையம். இன்று புயலின் போக்கைக் காட்டிக் கொடுப்பவை செயற்கைக் கோள்கள். வான விஞ்ஞானம் வயலுக்கு அந்நியமல்ல.

நம் மண்ணுக்கும் அந்நியமல்ல. சிமெண்ட் ஆலைக்காக அரியலூரில் வெட்டும் சுண்ணாம்புக் கல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. காரை ஓடைகளில் அம்மோனைட் என்ற கடல் பிராணியின் சுருள் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. அந்த இனம் பூண்டோடு அழிந்தது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். விண்ணிலிருந்து வந்த ஒரு பெரும் பாறை மெக்ஸிகோ பகுதியில் மோதியதே முக்கியக் காரணம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். காலடிக் கல்லின் கதையைப் படிக்கவும் வானத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது!

இதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தானா? 1963ல் விண்வெளி சென்ற முதல் பெண் வாலண்டினா தெரஷ்கோவா யார்? பஞ்சாலைத் தொழிலாளி. 1961ல் முதன்முதலாகப் பூமியை வலம் வந்த யூரி ககாரின், இரும்பை உருக்கி வார்க்கும் தொழில் பயின்றவர். அமெரிக்காவில் மில்டன் ஹியூமாசன் என்பவர் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிச் சென்றவர். அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, 1919ல் ஆராய்ச்சியாளரானார். அவருக்கு வாய்த்தது என்ன? தொலைநோக்கியின் பக்கத்தில் நிற்கும் வாய்ப்பு! நம் பிள்ளைகளுக்கு நாம் கேட்பதும் அதுவே.

திருச்சியில் 1999ல் கோளரங்கம் திறந்தார்கள். நல்லதே. ஆனால் பிள்ளையை அழைத்துப் போய்வர பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போகிறதே! காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே செய்தது. அது ஆராய்ச்சிக்கு. பிள்ளைகளுக்கு ஆறு அங்குல ஆடி போதும். சனியின் வளையமும், 1610ல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு சந்திரன்களும் தெரியும். இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கிடையே அரைப்புப் பொடியும் தண்ணீரும் இட்டு, கையாலேயே அந்த ஆடியைத் தேய்த்துச் செய்யலாம். கைவேலை நமக்குப் புதிதா?

நிலையம் எங்கு அமைந்தாலும் நாம் வற்புறுத்த வேண்டியவை சில. கட்டணம் கூடாது. வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலையிலும் இரவிலும் திறந்திருக்க வேண்டும். விளக்கம் தமிழில் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப வாகன வசதி வேண்டும். கருவி பழுதானால் பூட்டி வைக்காமல் செப்பனிட ஆள் வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 19, 20 தேதிகளையொட்டியும், ஆகஸ்ட் 23, 24 தேதிகளையொட்டியும், பகல் 12.15 மணி சுமாருக்குப் பள்ளி முற்றத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டும் பாருங்கள். நிழலே விழாது! அன்று உச்சி வேளையில் சென்னையில் ஒரு மீட்டர் குச்சிக்குச் சுமார் மூன்று சென்டிமீட்டர் நிழல் இருக்கும். இந்த வித்தியாசத்தையும் இடையிலுள்ள தூரத்தையும் கொண்டு பூமியின் சுற்றளவையே கணக்கிடலாம். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் கணக்கிட்டது இப்படித்தான்.

ஒரு குச்சியால் பூமியை அளக்கக் கற்ற பிள்ளை நாளை எதையும் கேள்வி கேட்கும். அந்தப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும்!