கேட்டுக்கு வெளியே யார் நின்றார்கள்?

(புளியந்தோப்பு தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆடுதொட்டியில் வேலை முடித்துக் கை கழுவிய ஈரத்தோடு வந்து நிற்கிற தோழர்களே!

நோட்டீஸில் குடிநீர்ப் பிரச்சினை என்று போட்டிருக்கிறார்கள். தண்ணீரை அப்புறம் பேசுவோம். நம் பக்கத்தில் ஒரு பையனைப் புதைத்துவிட்டு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. போதை மாத்திரைக் கேஸ். சில மாதம் புழல் ஜெயிலில் இருந்தான். ஜாமீனில் ஒரு சாயங்காலம் வெளியே வந்தான். அந்த வாரம் முடிவதற்குள் பிணம். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டான். "திருந்தாத ஜென்மம்" என்று சாவு வீட்டிலேயே ஒருத்தர் சொன்னார். அவரை நான் கேட்டேன்: ஐயா, அவன் வந்த அன்றைக்கு ஜெயில் கேட்டுக்கு வெளியே யார் நின்றார்கள்?

நானே சொல்கிறேன். அவன் அம்மா நின்றாள். பழைய கூட்டாளி பைக்கோடு நின்றான். மப்டியில் போலீஸ் நின்றது, வேறொருத்தனை அடுத்த கேஸில் அள்ளிக்கொண்டு போக. டாக்டர் நின்றாரா? ஒரு நர்ஸ்? கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு? இல்லை! இங்கே ஆடுதொட்டியில் ஆட்டை வெட்டுவதற்கு முன்னால்கூட டாக்டர் பார்க்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் பிள்ளைக்கு அந்த ஆட்டு மரியாதைகூட இல்லையா?

மாத்திரை கிடைக்காமல் மாதக்கணக்கில் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஆசை மட்டும் அப்படியே இருக்கும். பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வந்தவர்களைக் கணக்கெடுத்து 2007-இல் வெளியிட்டார்கள். முதல் இரண்டு வாரத்தில் போதை மிஞ்சிச் சாகிற ஆபத்து மற்ற ஜனங்களைவிட 129 மடங்கு! அந்த இரண்டு வாரத்தைத்தான் இங்கே ஒரு ஏழைத் தாயின் தலையில் கட்டிவிட்டு அரசாங்கம் கதவைச் சாத்திக்கொள்கிறது.

எதிர் மேடை அண்ணனுக்கு இதெல்லாம் வேண்டாம். "சுட்டுத் தள்ளு" என்பார், சோடா குடிப்பார், இறங்கிப் போவார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு முன்னால் மொட்டை மாடியில் என்ன ஓடியது என்று ஏரியாவுக்கே தெரியும். யாரை முதலில் சுடுவது அண்ணே?

இன்னொரு கோஷ்டிக்கு விழிப்புணர்வு வியாதி. மாத்திரையைக் கண்ணால் பார்க்காத பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் மனிதச் சங்கிலியாக நிறுத்தி உறுதிமொழி வாங்குவார்கள். சிறப்பு விருந்தினர் வருவதற்குள் பிள்ளை மயங்கி விழும். அந்த மனிதச் சங்கிலியில் ஒரே ஒரு மனிதரைப் பிரித்துப் புழல் கேட்டுக்கு வெளியே நிறுத்தக் கூடாதா?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1985-இல் போட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே, போதைக்கு அடிமையானவன் சிறு அளவுக் குற்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானால், அவன் சம்மதித்தால், நீதிமன்றம் உடனே ஜெயில் தண்டனை கொடுக்காமல் அவனைச் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. தானாகச் சிகிச்சைக்கு வருகிறவனுக்கு 64-ஏ பிரிவில் பாதுகாப்பும் உண்டு. குண்டர் சட்டம் 14/1982 என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிற அதிகாரிக்கு 39 மட்டும் ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை?

நம் வீட்டுப் பிள்ளைகள் மாத்திரையோடு பிறக்கவில்லை. பின்னி மில் சங்கு ஊதித்தான் இந்தப் பக்கத்தில் அடுப்பு எரிந்தது. 1996-இல் அதை மூடினார்கள். இன்றைக்கு வேலை கேட்டுப் போய்ப் புளியந்தோப்பு என்று விலாசம் சொன்னாலே "அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்கிறான் முதலாளி. அதோடு ஜெயிலும் சேர்ந்தால்? புழலில் 2023-இல் பெண் கைதிகளே நடத்துகிற பெட்ரோல் பங்க் திறந்தார்கள். கை தட்டுகிறேன். உள்ளே வேலை பழக்குகிறீர்கள். கேட்டுக்கு வெளியே?

"பணம் ஏது?" என்பார்கள். ஆஹா! 2023-24-இல் டாஸ்மாக் வருமானம் 45,855 கோடி ரூபாய். குடிக்கவைத்துச் சம்பாதித்த காசில் நூற்றுக்கு ஒரு ரூபாய் எடுத்தாலே 458 கோடி. யார் அப்பன் வீட்டுக் காசைக் கேட்கிறோம்? நம் தெரு குடித்து அழுத காசு!

நாம் கேட்பது பெரிசு இல்லை. வெளியே வருகிற அன்றே சிகிச்சைச் சீட்டு, இரண்டு வாரத்துக்கு மருந்து, வடசென்னையில் படுக்கை, கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள், அப்புறம் ஒரு வேலை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ். அந்தக் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் பெயரை வைத்திருக்கிறார்கள். 1923-இல் இந்தச் சென்னையில் மே தினம் கொண்டாடிய மனிதர் பெயர். அந்தப் பெயருக்குக் கீழே போய் நிற்போம். இதையெல்லாம் கேட்கிற மனு மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள். "திருந்தாத ஜென்மம்" என்று சொன்னவரும் வரட்டும். முதல் பேனாவை அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன்!