பதிவுத் தபால் கைக்கு வராவிட்டால் நட்டம் யாருக்கு?

(ஜொகூரில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்களிடம் தபால் நிலையத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "நாட்டில் எவ்வளவோ பிரச்சினை இருக்க, தபாலைப் பற்றியா பேசுவது?" என்று சிலர் நினைக்கலாம். கைத்தொலைபேசியில் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் கடிதம் எதற்கு என்று பிள்ளைகளும் கேட்கலாம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

காதல் கடிதமும் பொங்கல் வாழ்த்தும் தபாலில் வருவது குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் நம் தலையெழுத்தை மாற்றக்கூடிய கடிதங்கள் இன்னமும் தபாலில்தான் வருகின்றன. வேலை நீக்கக் கடிதம், வங்கியின் நோட்டீஸ், வழக்கறிஞர் கடிதம், நீதிமன்ற அறிவிப்பு, சொக்சோ கடிதம், குடியுரிமை விண்ணப்பத்துக்கு வரும் பதில் எல்லாம் அப்படித்தான். வசதி உள்ளவனுக்கு வழக்கறிஞர் இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார், மின்னஞ்சல் இருக்கிறது. நமக்கு இருப்பது கீழ்த்தளத்தில் கதவு உடைந்து தொங்கும் தபால் பெட்டி மட்டுமே.

சட்டம் இந்த விசயத்தில் என்ன சொல்கிறது தெரியுமா? நம் நாட்டில் 1948, 1967 பொருள்விளக்கச் சட்டங்கள் என்று ஒன்று உண்டு. அதன் 12ஆவது பிரிவின்படி, ஓர் ஆவணத்தைத் தபாலில் சேர்ப்பிக்கலாம் என்று சட்டம் அனுமதித்திருந்தால், சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டாலே போதும். அது உங்களுக்குச் சேர்ந்துவிட்டதாகவே கருதப்படும். சாதாரணமாக எந்த நாளில் வந்திருக்க வேண்டுமோ, அந்த நாளில் வந்ததாகக் கொள்ளப்படும். "எனக்கு வரவில்லை" என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். வராத ஒன்றை வரவில்லை என்று எப்படி நிரூபிப்பது? யோசித்துப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நியாயமான காரணமின்றி வேலை நீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி, 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ், 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். வேலை நீக்கக் கடிதம் தபாலில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆள் இல்லை. அறிவிப்புத் துண்டு காற்றில் பறந்துவிட்டது, அல்லது துண்டே வைக்கப்படவில்லை. நாட்கள் ஓடிவிடுகின்றன. வீட்டுக் கடனும் அப்படித்தான். தவணை தவறியதிலிருந்து ஏலம் வரை, ஒவ்வொரு படியிலும் வங்கி அனுப்புவது கடிதம்தான். கடிதத்தைப் பார்க்காத குடும்பம், ஏல விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் விழித்துக்கொள்கிறது.

ஆகவே தபால் சேவை மோசமாக இருப்பது வெறும் எரிச்சல் தரும் விசயம் அல்ல. அது நம் உரிமையைத் தொடுகிற விசயம்.

இந்தக் கதை நமக்குப் புதிதும் அல்ல. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். லயத்து வீட்டுக்குத் தபால்காரர் வந்ததில்லை. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி கொடுத்தால் உண்டு, மறந்தால் இல்லை. ஊருக்கு மணியார்டர் அனுப்ப வேண்டுமானாலும், சேமிப்புப் புத்தகத்தில் நாலு வெள்ளி போட வேண்டுமானாலும் பட்டணத்துக்கு நடக்க வேண்டும். அந்தத் தபால் நிலையச் சேமிப்பு வங்கிதான் 1974 டிசம்பரில் பேங்க் சிம்பானான் நேஷனல் ஆனது. நம் தாத்தா பாட்டிகளுக்குத் தபால் நிலையமே வங்கி.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் மாசாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் ஸ்கூடாய்க்கும் கூலாய்க்கும் வந்து மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். ஆனால் பலருடைய அடையாள அட்டையில் இன்னமும் பழைய தோட்டத்து முகவரிதான் இருக்கிறது. அரசாங்கக் கடிதம் அந்த முகவரிக்குப் போகிறது. அங்கே லயமே இல்லை! கடிதத்தை யாரிடம் கொடுப்பார்கள்?

அடுத்தது கவுண்டர். நீங்கள் சொல்லும் குறைகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நாலு கவுண்டர் இருக்கும், ஒன்றுதான் திறந்திருக்கும். எண் எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். "சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்கு வருவதற்கு நாள் சம்பளக்காரனால் முடியுமா? விடியற்காலையில் கிளம்பிப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறவர், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார். அவர் போகும்போதும் தபால் நிலையம் பூட்டு, வரும்போதும் பூட்டு. ஒரு பதிவுத் தபாலை வாங்க அரை நாள் சம்பளத்தை இழக்கிறார்.

நம் மாநிலத்தில் வார விடுமுறையும் இரண்டு முறை மாறியது. 2014 ஜனவரி 1 முதல் வெள்ளி, சனி விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு. இடைப்பட்ட ஆண்டுகளில், ஞாயிறு விடுமுறை கிடைத்த தொழிற்சாலைத் தொழிலாளி அன்று அரசாங்க அலுவலகத்துக்குப் போய் வர முடிந்தது. இப்போது இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை. குடும்பத்தோடு இருக்க இது நல்லது. ஆனால் மாலை நேரத்தில் கவுண்டரைத் திறந்து வைக்கும் தேவை முன்பைவிடக் கூடியிருக்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலாய் தேசிய மொழி. அதை நாம் மதிக்கிறோம், நம் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் தோட்டத்திலேயே வயதான ஒரு பாட்டி பாரத்தை நிரப்பத் தெரியாமல் நின்றால், அவரை அதட்டுவதற்கு எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. இரண்டு நிமிடம் உதவினால் போதும்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2019 ஜூலை 14ஆம் தேதி இந்திய அஞ்சல் துறை வேலைக்கான தேர்வை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் நடத்தினார்கள். கிராமத்துத் தபால்காரருக்கு உள்ளூர் மொழி வேண்டாமா என்று தமிழக உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பினார்கள். இரண்டே நாளில் அந்தத் தேர்வு ரத்து செய்யப்பட்டது. தமிழ் உட்பட வட்டார மொழிகளில் மீண்டும் நடத்துவதாக அமைச்சர் அறிவித்தார். கேட்டதால் கிடைத்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் அது நியாயம் ஆகாது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரும், மழையில் மோட்டார் சைக்கிளில் வருபவரும் நம்மைப் போன்ற தொழிலாளர்கள்தான். 1952 மே மாதம் சிங்கப்பூரில் சுமார் 500 தபால் ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக இருந்த இளம் வழக்கறிஞர்தான் பின்னாளில் பிரதமரான லீ குவான் இயூ. தபால்காரருடைய போராட்டமும் தொழிலாளர் வரலாறுதான். ஆகவே கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் கத்துவது நம் வழி அல்ல. ஆள் போதாமைக்கு அவர் காரணம் இல்லை.

காரணம் மேலே இருக்கிறது. 1992ல் தபால் இலாகா போஸ் மலேசியா என்னும் நிறுவனமாக மாற்றப்பட்டது. 2011ல் கஸானா தன் பங்கை டிஆர்பி-ஹைகோம் நிறுவனத்துக்கு விற்றது. கடிதம் குறைகிறது, நட்டம் வருகிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் 2012ஆம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டத்தின் கீழ், லாபம் தரும் பட்டணத்துக்கு மட்டும் அல்லாமல் எல்லாருக்கும் அடிப்படைச் சேவை தரும் பொறுப்பும் இருக்கிறது. அதைக் கண்காணிக்க மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் இருக்கிறது.

கண்காணிப்பு என்றால் என்ன என்பதற்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2017ல் சேவைத் தரத்தை எட்டத் தவறியதற்காக, சிங்கப்பூர் அஞ்சல் நிறுவனத்துக்கு அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் 100,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. அபராதம் போட வேண்டுமென்றால் கணக்கு வேண்டும். நாம் கோப்பிக் கடையில் திட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. எழுதிக் கொடுத்த புகார் மட்டுமே சேரும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

1. அடையாள அட்டை முகவரியை உடனே தேசியப் பதிவு இலாகாவில் மாற்றுங்கள். 2021 டிசம்பரிலிருந்து வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. உங்கள் தொகுதி எது என்பதையும் அந்த முகவரிதான் தீர்மானிக்கிறது. சேமநிதி வாரியம், சொக்சோ, வங்கி ஆகிய இடங்களிலும் தனித்தனியாக மாற்றுங்கள்.

2. அடுக்குமாடியின் தபால் பெட்டிக்குப் பூட்டும் வீட்டு எண்ணும் போடுங்கள். குடியிருப்பாளர் சங்கத்தில் பேசி எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் பழுது பாருங்கள். பெரிய செலவு ஆகாது.

3. முக்கியமான கடிதத்தைச் சாதாரணத் தபாலில் அனுப்பாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் நெருங்கிவிட்டால் தபாலை நம்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

4. சேவை சரியில்லையா? தேதி, நேரம், கவுண்டர் எண், கண்காணிப்பு எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். முதலில் போஸ் மலேசியாவிடம் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு இல்லையென்றால் அந்த எண்ணோடு ஆணையத்திடம் போங்கள்.

5. இணையத்தில் வாங்கிய பொருள் வந்து சேரவில்லை என்றால், "தபாலில் போட்டுவிட்டேன், அவர்களைக் கேளுங்கள்" என்று உள்நாட்டு வியாபாரி கையை விரிக்கலாம். விட்டுவிடாதீர்கள். பணம் வாங்கியவர் அவர். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். 2019 முதல் 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ஜொகூரிலும் அலுவலகம் உண்டு.

6. "உங்கள் பார்சலில் சட்டவிரோதப் பொருள் இருக்கிறது" என்று யாராவது தொலைபேசியில் மிரட்டினால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 எண்ணை அழையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் புளோக்கில் மலாய் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒரு நாள், படித்த ஒரு பிள்ளை அரை மணி நேரம் உட்கார்ந்து அவர்களுடைய கடிதங்களைப் படித்துச் சொல்லட்டும். தவறவிட்ட ஒரு தேதியைக் காப்பாற்றினாலே ஒரு குடும்பத்தின் வீடு தப்பும், ஒரு தொழிலாளியின் வழக்கு தப்பும். குடியுரிமைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஒரு பிள்ளையின் விண்ணப்பம் தப்பும்.

தனித்தனியாகப் போனால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். ஐம்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்ட ஒரே புகாராகப் போனால் உட்காரச் சொல்வார்கள். அந்தக் கையெழுத்தை இந்த வாரமே திரட்டத் தொடங்குவோம்.