கலைக்கூடத்தின் வாயிலும் நம் பிள்ளைகளும்
(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், பள்ளத்தூரில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் தேர்ச்சி பெற்றோர், பட்டம் பெற்றோர், பணியில் அமர்ந்தோர் ஆகியோரைப் பற்றிப் பேசுவதே மரபு. நாமோ பெருநகரக் கலைக்காட்சிகளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். யார் பிறர் முன் நிற்கலாம், யார் எவரைப் பார்க்கலாம் என்பதே கலைக்கூடத்தின் அடிப்படை வினா. அவ்வினாவை நம்மைவிட நன்கறிந்தவர் எவருமிலர்.

இன்றைய கலைக்காட்சிகளில் ஓவியமும் சிற்பமும் மட்டும் இடம்பெறுவதில்லை. கலைஞர் தம் உடலையே கருவியாகக் கொண்டு மக்கள் முன் ஒரு செயலை நிகழ்த்துகிறார். அதனை நிகழ்த்துக் கலை என்கின்றனர். 2010ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மரீனா அப்ரமோவிச் என்னும் அம்மையார் ஒரு நாற்காலியில் பேசாது அமர்ந்திருந்தார். எதிரே இருந்த நாற்காலியில் விரும்பியவர் அமர்ந்து அவரை நேருக்கு நேர் நோக்கலாம். ஏறத்தாழ மூன்று மாதங்களில் எழுநூறு மணி நேரத்திற்கும் மேல் அவர் அவ்வாறு அமர்ந்திருந்தார். மக்கள் வரிசையில் காத்திருந்தனர். எதிரே அமர்ந்தவருள் பலர் கண்ணீர் விட்டனர்.

"சும்மா உட்காருவதும் கலையா?" என்று நகைக்கத் தோன்றும். ஆயின், எதிரே அமர்வதும் கண்ணோடு கண் நோக்குவதும் எளிய செயல்கள் அல்ல என்பதை இம்மண்ணின் வரலாறு சொல்லும். இன்றைய சிவகங்கை மாவட்டத்தை உள்ளடக்கிய அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930ஆம் ஆண்டு டிசம்பரில், ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி அணியலாகாது, ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆடை உடுத்தலாகாது, முடியை வெட்டிக்கொள்ளலாகாது, பெண்டிர் மேலுடம்பை மறைக்கலாகாது, பூச்சூடலாகாது, குடையும் செருப்பும் கூடா, வீட்டில் மண்பாண்டமன்றி வேறு கூடாது. மறு ஆண்டு தடைகள் பதினொன்றாகப் பெருகின. நம் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்பதும், நம் விழாக்களில் நாகசுரம் முதலிய இசை கூடாது என்பதும் அவற்றுள் அடங்கும். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

அன்பர்களே, கல்வித் தடையும் இசைத் தடையும் ஒரே பட்டியலில் நின்றன என்பதை நினைவில் கொள்க. எழுத்து கிடைத்தால் உரிமை கேட்பர் என்றும், இசை கிடைத்தால் தலைநிமிர்ந்து நடப்பர் என்றும் அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே, பள்ளியை மட்டும் மீட்டுவிட்டு மேடையை விட்டுவிடுவது பாதி மீட்பேயாகும். 1927ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். அது கலைக்காட்சி அன்று, உரிமைப் போர். எனினும், பொதுவிடத்தில் ஓர் உடல் செய்யும் சிறு செயல் நூற்றாண்டுகளை அசைக்கவல்லது என்பதை நாம் அங்கேயே கற்றோம்.

இனித் தமிழகக் கலைக்கூடங்களை நோக்குவோம். சென்னைக் கலைப்பள்ளியை 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கினார். அதன் முதல்வராயிருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959இல் மெரினாவில் நிறுவப்பட்டது. நால்வர் பாறையை நெம்பும் அச்சிலையைக் காணாத தமிழர் அரியர். அவருக்குப் பின் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. இவையெல்லாம் பெருமைக்குரியனவே. ஆயினும், உழைப்பாளி நெடுங்காலம் சிலையாக நின்றாரேயன்றிச் சிற்பியாக அழைக்கப்பட்டது அரிதே.

முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் நம் செட்டிநாட்டு வீடொன்று எடுத்து நிறுத்தப்பட்டுள்ளது. தேக்குத் தூணையும் வழுவழுப்பான சுண்ணச் சுவரையும் காண்போர் வியக்கின்றனர். பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் அத்தகைய மாளிகைகள் தெருத்தெருவாக நிற்கின்றன. அவற்றைக் கட்டுவித்தோர் பெயர் வாயில்தோறும் உண்டு. மண் சுமந்தோர், சுண்ணாம்பு அரைத்தோர் பெயர் எங்குளது?

இந்நிலை மாறி வருகிறது. சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்த கே. ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாடலை மேடையேற்றினார். 'பலி ஆடுகள்' என்னும் தலித் நாடகத்தை எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியராக விளங்கி 2016இல் மறைந்தார். அவரது தன்வரலாறான 'வடு' நம் நூலகத்தில் இருக்க வேண்டிய நூலாகும். 2018 சனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு சென்னையில் அரங்கேறியது. 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யை நடத்தியது. சபாக்களின் மாதமாகவே அறியப்பட்ட மார்கழியில் பறையும் கானாவும் ஒலித்தன. அம்மையத்தின் 'வானம்' கலைத் திருவிழா ஓவியம், நிழற்படம், நாடகம் ஆகியவற்றை ஒருங்கே கொணர்ந்தது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நிழற்படக் கலையில் இருவரைக் குறிப்பிடுவோம். பழனிக்குமார் தூய்மைப் பணியாளரின் வாழ்வையும் சாவையும் படமாக்கியதோடு, எளிய குடும்பத்துப் பிள்ளைகள் கையில் படக்கருவியைத் தந்து பயிற்றியும் வருகிறார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன், பள்ளி தொடங்கிப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்த தம் பாட்டியின் கதையையும் குடும்பத்தின் கதையையும் படங்களாக்கி உலகறியச் செய்துள்ளார். வடக்கே நாகபுரியின் சவி சாவர்க்கர் தீண்டாமையையே ஓவியமாக்கினார். மும்பையின் அமோல் பாட்டீல் 2022இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த 'டாக்குமென்டா' காட்சியில் இடம்பெற்றார்.

எனினும், இரண்டு எச்சரிக்கைகளை முன்வைப்பது நம் கடமை. முதலாவது, நகர மேடையில் பறைக்குக் கைதட்டும் சமூகமே, ஊரில் சாவுக்குப் பறையடிக்க ஒரு குலத்தாரைக் கட்டாயப்படுத்தவும் கூடும். விரும்பி இசைப்பது கலை. மறுக்க முடியாமல் இசைப்பது அடிமைத்தனம். மறுப்பவரையும் இசைப்பவரையும் நாம் ஒருசேர மதிக்க வேண்டும். மறுக்கும் உரிமை உறுதியான பின்னரே இசைப்பது பெருமையாகும். இரண்டாவது, நம் துன்பம் படமாகிச் சுவரில் தொங்கும். படத்தில் உள்ளவருக்கோ அக்காட்சிக்கு அழைப்பும் இராது. நம்மைப் பற்றிய படத்தை நம்மவர் காணவும், கண்டு கருத்துரைக்கவும் இயலாத காட்சி முழுமையான காட்சியாகாது.

பெற்றோர் சிலர், "ஓவியம் சோறு போடுமா?" எனக் கேட்பர். நேர்மையான கேள்வி. மருத்துவரும் வழக்கறிஞரும் அலுவலரும் நம்மிடையே இன்னும் பலர் தோன்ற வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால், வரையும் கை கொண்ட பிள்ளையை வேறு படிப்பில் தள்ளி வாட்டுவதும் இழப்பே. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. அங்கே பெறுவது பட்டமாதலின், பட்டியல் இன மாணவர்க்குரிய உதவித்தொகையும் அதற்குண்டு. இச்செய்தியை வீடுதோறும் எடுத்துச் செல்வோமாக.

சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஆண்டுதோறும் மாணவர் குழுவொன்றைச் சென்னைக்கு அழைத்துச் சென்று எழும்பூர் அருங்காட்சியகத்தையும் ஒரு கலைக்காட்சியையும் காட்டுக. சங்கக் கட்டடத்தின் ஓர் அறையைப் பிள்ளைகள் வரையவும் நடிக்கவும் இசைக்கவும் ஒதுக்குக. இவ்வட்டார மாளிகைகளில் உழைத்த முதியோரின் பெயர்களையும் நினைவுகளையும் மாணவரைக் கொண்டே எழுதி வைத்திடுக. நாளை ஒரு காட்சி அமையுமாயின் அதன் முதற் சுவரில் அப்பெயர்கள் நிற்கட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளை வகுப்பறையின் முன் வரிசையில் அமர்த்தியது. இனி அவர்கள் கலைக்கூடத்துள்ளும் தயங்காது நுழைய வேண்டும். பார்வையாளராக மட்டுமின்றிப் படைப்பாளராகவும் நுழைய வேண்டும். அதற்குத் துணை நிற்போம்.