மெலியும் கால்நடையின் நோயறிதல்

பழுகாமத்துக் கமக்காரர்களே!

தயிருக்குப் பாலும் தோட்டத்துக்கு எருவும் தரும் எருமை, நன்றாகத் தின்றும் நாளுக்கு நாள் மெலிந்தால், கண்ணூறு என்று விட்டுவிடாதீர்கள்.

1880 ஆம் ஆண்டில், இன்று பாகிஸ்தானிலுள்ள தேரா இஸ்மாயில் கானில், குதிரைகளும் ஒட்டகங்களும் இவ்வாறே தேய்ந்து மடிந்தன. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. கால்களும் வயிறும் வீங்கின. இராணுவ மிருக வைத்தியர் கிரிபித் எவன்ஸ் அவற்றின் இரத்தத்தை நுணுக்குக்காட்டியிற் பார்த்து, நெளியும் நுண்கிருமிகளைக் கண்டார். 'சர்ரா' எனும் அந்நோயை இரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புகின்றன. எருமைகள் வெளிக்குறி காட்டாமலும் அக்கிருமியைத் தாங்கியிருக்கக்கூடும்.

எனினும், மெலிவுக்குக் காரணம் ஒன்றன்று. நத்தை வாழும் ஈர நிலத்தில் மேயும் மாட்டின் ஈரலில் தட்டைப்புழு சேரலாம். அப்போது தாடையின் கீழ் வீக்கம் காணப்படுவதுண்டு. குடற்புழு, உண்ணிக் காய்ச்சல், தேய்ந்த பல் ஆகியனவும் காரணமாகலாம். தோற்றம் ஒன்றாயினும் மருந்து வேறு.

ஆகவே, மெலிவு கண்டவுடன் தீனி, காய்ச்சல், வீக்கம், சாணத்தின் நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மிருக வைத்தியரை அழைத்து, காய்ச்சல் உள்ளபோதே இரத்தத்தையும் புதிய சாணத்தையும் சோதிப்பியுங்கள். ஊகத்தால் மருந்து ஊட்டாதீர்கள். முதலிற் காரணம், பின்னரே மருந்து.